ஒரே தொகுதியில் ஓர் உள்நாட்டுப் போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகம் புரட்டுபவர்கள், வாசகர் வட்டத்துக்கு வருபவர்கள், எஸ்.பி.எம். தேர்வின் செஜாரா (வரலாறு) பாடத்தைத் தாண்டி எதையாவது படிக்கத் துடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோர், ஓர் உள்நாட்டுப் போரை ஒரே தொகுதியில், அதாவது ஒரே புத்தகத்தில், சொல்லும் வரலாற்று நூல்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்கள் பிரிந்து போக, வடக்கு அவற்றை எதிர்த்து நடத்திய அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) அடிக்கடி எடுத்துக்காட்டாக வரும். ஒரே தொகுதியில் அடக்கிப் பார்க்கும் முயற்சி மிக அதிகமாக நடந்தது அந்தப் போருக்குத்தான்.

உள்நாட்டுப் போர்னா என்ன? கலவரம், புரட்சி, கெரில்லா சண்டை எல்லாம் அதுல சேருமா?

ஒரே நாட்டுக்குள் ஆட்சி யாருக்கு என்பதற்காகவோ, ஒரு பகுதி தனியே பிரிந்து போகலாமா என்பதற்காகவோ, படை திரட்டிய தரப்புகள் நீண்ட காலம் மோதினால் அது உள்நாட்டுப் போர். இரு பக்கமும் ஆயுதம் வேண்டும், கட்டளையிட ஒரு தலைமை வேண்டும். ஒரு பக்கம் அடிக்க மறுபக்கம் ஓடினால் அது கலவரம் அல்லது படுகொலை. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகப் போர்த் தரவகம், ஓராண்டில் சண்டையில் 25 பேர் இறந்தால் ஆயுத மோதல், 1,000 பேரைத் தொட்டால் போர் என்று கணக்கு வைத்திருக்கிறது. கெரில்லா முறை என்பது சண்டை போடும் விதம் மட்டும். அது உள்நாட்டுப் போரிலும் வரலாம், வெளிநாட்டானை எதிர்க்கும் போரிலும் வரலாம்.

பெயர் வைப்பதே சண்டையின் ஒரு பகுதி என்பதையும் நினைவில் வையுங்கள். 1918இல் பின்லாந்தில் நடந்ததை வென்றவர்கள் விடுதலைப் போர் என்றார்கள், தோற்றவர்கள் வர்க்கப் போர் என்றார்கள். அமெரிக்கத் தெற்கில் ‘மாநிலங்களுக்கு இடையிலான போர்’ என்ற பெயர் நெடுங்காலம் புழங்கியது. தாம் ஏன் இந்தப் பெயரை எடுத்தோம் என்று ஆசிரியர் முன்னுரையிலேயே சொல்லிவிட்டால், அந்த நூலுக்கு முதல் மதிப்பெண் போடலாம்.

ஏன் ஒரே தொகுதி? மூணு தொகுதி, ஆறு தொகுதின்னு விரிவா இருக்கறதுதானே நல்லது?

விரிவானது நல்லதுதான், ஆனால் அது வேறு வேலைக்கு. அமெரிக்கப் போரில் நடந்த பெரிதும் சிறிதுமான மோதல்கள் சுமார் 10,500. அவற்றில் முக்கியமானவை என்று 1993இல் ஓர் அரசு ஆணையம் தேர்ந்தெடுத்தவை 384. ஒரே தொகுதி நூல் 20, 25 சண்டைகளைத்தான் ஓரளவு முழுதாகச் சொல்ல முடியும். பாக்கி எல்லாம் ஒரு வரி, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை.

அந்த வெட்டில்தான் நூலின் மதிப்பு இருக்கிறது. பல தொகுதி எழுதுபவர் எதையும் விடத் தேவையில்லை, ஆகவே எது முக்கியம் என்று சொல்லாமலேயே தப்பிக்கலாம். 800 பக்கத்துக்குள் அடக்க வேண்டியவர் தப்பிக்க முடியாது. ரொட்டி விலையா, ரயில் பாதையா, தேர்தலா, படைத்தலைவரின் பிடிவாதமா, எது எதைத் தள்ளியது என்று அவர் முடிவு கட்டியே ஆக வேண்டும். அந்த முடிவைப் படிக்கத்தான் நாம் காசு கொடுக்கிறோம். வெட்டியதை மறைக்கிற நூல் மோசமானது. எதை வெட்டினேன், ஏன் வெட்டினேன் என்று காட்டுகிற நூல் படிக்கத் தகுந்தது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதன் விரிவுதான்.

கடையில நின்னுக்கிட்டே நல்ல புத்தகமா இல்லையான்னு எப்படிப் பாக்கறது?

கால் மணி நேரம் போதும். முதலில் பின்னால் போய்ச் சொல்லடைவை, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியலை, பாருங்கள். படைத்தலைவர்களின் பெயரைத் தேடாதீர்கள், அவை எப்படியும் இருக்கும். உப்பு, கோதுமை அல்லது அரிசி, பணவீக்கம், வயிற்றுப்போக்கு, போர்க்கைதி, பெண்கள், ரயில், படையை விட்டு ஓடியவர்கள் என்று தேடுங்கள். எட்டில் ஐந்தாவது இருந்தால், அதுவும் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து பக்க எண்கள் இருந்தால், ஆசிரியர் போரை முழுதாகப் பார்த்திருக்கிறார். சொல்லடைவே இல்லாத 600 பக்க வரலாற்று நூலை அப்படியே அடுக்கில் திருப்பி வைத்துவிடலாம்.

அடுத்து, முதல் குண்டு எந்தப் பக்கத்தில் வெடிக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கப் போர் என்றால் 1861 ஏப்ரல் 12, சம்ட்டர் கோட்டை. ஸ்பெயின் என்றால் 1936 ஜூலை 17. பத்தாம் பக்கத்திலேயே குண்டு வெடித்தால் காரணங்களை ஆசிரியர் விழுங்கிவிட்டார். நூலின் பாதி வரை வெடிக்கவில்லை என்றால் அது போரின் வரலாறு அல்ல, போருக்கு முந்தைய அரசியலின் வரலாறு. ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சரியான அளவு.

மூன்றாவது, நடுவில் ஏதாவது ஒரு சண்டைப் பக்கத்தைத் திறந்து, அதில் வரும் ஐந்து ஊர்ப் பெயர்களை அருகிலுள்ள வரைபடத்தில் தேடுங்கள். மூன்றுக்கு மேல் கிடைக்கவில்லை என்றால், வரைபடம் வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டது. கடைசியாக முன்னுரையில் ‘இந்த நூலில் இடம்பெறாதவை’ என்ற பொருளில் ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பின் அட்டைப் புகழுரைகளைப் படிக்க வேண்டாம். எந்த நூலுக்கும் அவை ஒரே மாதிரிதான் இருக்கும்.

வரைபடம் அவ்வளவு முக்கியமா? நான் பொதுவா அதைத் தள்ளிட்டுத்தான் படிப்பேன்.

நாவலில் தள்ளலாம். போரில் தள்ளினால் பாதி காரணம் போய்விடும். இலங்கைப் போரில் ஆனையிறவு ஏன் இத்தனை உயிரைக் குடித்தது என்பது, யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் அந்தக் குறுகிய நிலத்துண்டை வரைபடத்தில் பார்த்த மறுகணமே விளங்கும். 2000 ஏப்ரலில் அங்கிருந்த இராணுவத் தளம் விடுதலைப் புலிகளிடம் விழுந்தது ஏன் அவ்வளவு பெரிய செய்தியானது என்று எழுத்தால் சொல்ல இரண்டு பக்கம் ஆகும்.

திசையும் ஏமாற்றும். வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் ஆறு வடகிழக்காக ஓடுகிறது. ஆகவே அங்கே பள்ளத்தாக்கில் ‘மேலே போனான்’ என்றால் தெற்கே போனான் என்று பொருள். வரைபடம் இல்லாமல் படிப்பவர் படையைத் தலைகீழாக நடத்திக்கொண்டிருப்பார். மின்னூல் வாங்குபவர்களுக்கு ஒன்று: கைப்பேசித் திரையில் இரண்டு பக்கம் விரியும் வரைபடம் நடுவில் பிளந்து வரும், பெரிதாக்கினால் எழுத்து மங்கும். மின்னூல்தான் வேண்டும் என்றால் முக்கிய வரைபடம் நாலைந்தை அச்சடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டைக்கு எத்தனை பக்கம், மத்ததுக்கு எத்தனை பக்கம் இருக்கணும்?

நிலையான விகிதம் கிடையாது. ஆனால் இறப்புக் கணக்கு ஒரு வழிகாட்டி. அமெரிக்கப் போரில் இறந்த சிப்பாய்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நோயால் இறந்தார்கள்: வயிற்றுப்போக்கு, குடற்காய்ச்சல், நிமோனியா. முகாமின் கழிவுக்குழியும் குடிநீரும் எங்கே இருந்தன என்று ஒரு பத்திகூட இல்லாமல் 700 பக்கம் குதிரைப் படை ஓடினால், அந்த நூல் மூன்றில் ஒரு பங்கு இறப்பைத்தான் விளக்குகிறது. பின்லாந்தில் சுமார் 38,000 பேர் இறந்தார்கள். போர்க்களத்தில் விழுந்தவர்களைவிட, சுட்டுத் தள்ளப்பட்டவர்களும் கைதி முகாம்களில் பசியிலும் நோயிலும் செத்தவர்களும் அதிகம். அங்கே நூலின் எடை மே 15இல் சண்டை ஓய்ந்த பிறகு நடந்தவற்றின் பக்கம் சாய வேண்டும்.

பணத்தையும் பாருங்கள். தெற்கு மாநிலங்கள் வரி போடத் தயங்கிக் காகிதப் பணத்தை அச்சடித்துத் தள்ளின. போர் முடிவதற்குள் அங்கே விலைவாசி ஏறக்குறைய 9,000 விழுக்காடு ஏறியது. வடக்கில் அது சுமார் 80 விழுக்காடு. 1863 ஏப்ரல் 2இல் தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் பெண்கள் திரண்டு ரொட்டிக்காகக் கடைகளை உடைத்தார்கள். சிப்பாய்க்கு வீட்டிலிருந்து ‘பிள்ளைகள் பட்டினி’ என்று கடிதம் வருகிறது, அவன் இரவோடு இரவாக முகாமை விட்டு நடக்கிறான். அச்சகத்திலிருந்து சமையலறைக்கும் அங்கிருந்து போர்முனைக்கும் போகும் இந்தக் கோட்டை இழுக்கத் தெரிந்தவரே நல்ல ஆசிரியர். ‘போர்க்காலப் பொருளாதாரம்’ என்று தனி அத்தியாயம் ஒதுக்கி, பிறகு அதைச் சண்டை அத்தியாயங்களில் ஒருமுறைகூட நினைக்காதவர் கோட்டை இழுக்கவில்லை, பெட்டி கட்டியிருக்கிறார்.

செத்தவங்க கணக்கு புத்தகத்துக்குப் புத்தகம் மாறுதே. எதை நம்பறது?

எண்ணை நம்பாதீர்கள், எண் எப்படி வந்தது என்று சொல்பவரை நம்புங்கள். அமெரிக்கப் போருக்கு நூறாண்டுக்கு மேல் 6,20,000 என்று எழுதிவந்தார்கள். அது படைப் பதிவேடுகளைக் கூட்டியது. தெற்கின் பதிவேடுகள் பலவும் தொலைந்தவை. 2011இல் டேவிட் ஹாக்கர் என்ற வரலாற்றாய்வாளர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை வைத்து, இருந்திருக்க வேண்டிய ஆண்களில் எத்தனை பேரைக் காணோம் என்று பார்த்துச் சுமார் 7,50,000 என்றார். அவரே 6,50,000 முதல் 8,50,000 வரை இருக்கலாம் என்று எல்லையும் போட்டார். ஒரே எண்ணை எல்லையில்லாமல் எழுதுபவரைவிட இப்படி எல்லை போடுபவரே மேல்.

இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, ‘இழப்பு’ என்ற சொல். இராணுவக் கணக்கில் இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் எல்லாரும் அதில் அடக்கம். 1862 செப்டம்பர் 17இல் அன்டீட்டமில் ஒரே நாளில் இழப்பு சுமார் 23,000. களத்திலேயே இறந்தவர்கள் ஏறக்குறைய 3,600. மொழிபெயர்ப்பாளர் ‘23,000 பேர் மாண்டனர்’ என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. மற்றொன்று, போர்க்காலத்தில் ஒரு தரப்பு வெளியிட்ட எண் அப்படியே ஒட்டிக்கொள்வது. 1937 ஏப்ரல் 26இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள கெர்னிகா நகரம் குண்டுவீச்சில் அழிந்தபோது பாஸ்க் அரசு சொன்ன கணக்கு 1,654. பிற்கால ஆய்வுகள் 150க்கும் 300க்கும் இடையில் நிற்கின்றன. மறுபக்கம், குடியரசு அரசை எதிர்த்துக் கிளர்ந்த படைத்தலைவர் பிராங்கோவின் தரப்பு, ஊரைக் கொளுத்தியதே பாஸ்க்காரர்கள்தான் என்று கதை கட்டியது. எண் குறைந்ததால் குண்டு போட்டது பொய்யாகிவிடாது. இந்த இரண்டையும் ஒரே பத்தியில் நிதானமாகச் சொல்ல முடிந்தவரைத் தேடுங்கள்.

எழுதினவர் நடுநிலையா இருக்கணும் இல்லையா?

நேர்மையாக இருக்க வேண்டும். நடுநிலை என்று பெரும்பாலும் நினைக்கப்படுவது, இரு பக்கத்துக்கும் சம எடை போடும் தராசு. உண்மை நடுவில்தான் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஸ்பெயினில் இரு தரப்பும் போர்முனைக்குப் பின்னால் ஆட்களைக் கொன்றன. ஆனால் பிராங்கோ தரப்பு கொன்றவர்களின் எண்ணிக்கை பல மடங்கு. அங்கே அது மேலிருந்து வந்த கொள்கை. குடியரசுத் தரப்பில் பெரும்பகுதி, ஆட்சி குலைந்த முதல் மாதங்களில் நடந்தது. இரண்டையும் சொல்லி வித்தியாசத்தையும் சொல்வதே நேர்மை.

அமெரிக்கப் போரின் காரணம் இன்னொரு சோதனை. போர் முடிந்த பிறகு தெற்கத்தியர் பலர், சண்டை மாநில உரிமைக்காக, அடிமை முறைக்காக அல்ல என்று எழுதினார்கள். ஆனால் 1861 ஜனவரியில் மிசிசிப்பி மாநிலம் பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையே, தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றாகப் பிணைந்தது என்று சொல்கிறது. அதே ஆண்டு மார்ச் 21இல் தெற்கின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், தம் புதிய அரசின் மூலைக்கல்லே அதுதான் என்று பேசினார். போருக்கு முன் சொன்னதற்கும் தோற்ற பின் சொன்னதற்கும் எது சாட்சி என்று தீர்ப்புச் சொல்லத் தயங்கும் நூலை நடுநிலை என்று மெச்ச வேண்டாம்.

ஜெயிச்சவன் எழுதறதுதானே வரலாறு?

நன்றாகச் சொல்லப்படும் பாதி உண்மை. மேலே சொன்ன மாநில உரிமைக் கதை தோற்றவர்கள் எழுதியது. அது பல பத்தாண்டுகள் பாடநூல் வரை ஆட்சி செய்தது. ஸ்பெயினில் 1975இல் பிராங்கோ சாகும்வரை வென்றவர் கதைதான் உள்நாட்டில், ஆனால் வெளிநாட்டில் வேறு கதைகள் அச்சாகிக்கொண்டே இருந்தன. லெபனானில் 1975 முதல் 1990 வரை நடந்த போரில் யாரும் முழுதாக வெல்லவில்லை. அங்கே பள்ளி வரலாறு அந்தப் போரை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

வென்றவன் யார் என்பதைவிடக் காகிதம் யாரிடம் மிஞ்சியது என்று கேளுங்கள். அயர்லாந்துப் போர் தொடங்கியதுமே, 1922 ஜூன் 30இல் டப்ளினில் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. நூற்றாண்டுகளின் பதிவேடுகள் சாம்பலாயின. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது போனவை சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும். நல்ல நூல் இப்படி இல்லாமற்போன சான்றுகளையும் சொல்லி, அந்த ஓட்டையை எதைக் கொண்டு அடைத்தது என்றும் காட்டும்.

முடிவுதான் தெரியுமே. யாரு ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்ச கதையை எதுக்கு 800 பக்கம் படிக்கணும்?

முடிவு நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவதுதான் இந்த வகை எழுத்தில் மிகக் கடினமான வேலை.

1864 ஆகஸ்ட் 23ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் வடக்கின் அதிபர் லிங்கன், வரும் தேர்தலில் தாம் தோற்கப்போவது ஏறக்குறைய உறுதி என்று ஒரு தாளில் எழுதி மடித்து, உள்ளே என்ன என்று காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கினார். அவர் தோற்றிருந்தால், போரை நிறுத்திப் பேசலாம் என்ற கட்சி ஆட்சிக்கு வந்திருக்கும். பத்து நாள் கழித்து, செப்டம்பர் 2இல் அட்லாண்டா வடக்கின் கையில் விழுந்தது. நவம்பரில் லிங்கன் வென்றார். மட்டமான நூல் ‘வடக்கின் தொழில்வளத்துக்கு முன் தெற்கு தோற்பது தவிர்க்க முடியாதது’ என்று முன்னுரையிலேயே சொல்லிவிடும். பிறகு அந்த ஆகஸ்ட் மாதம் வெறும் தகவல். நல்ல நூல் உங்களை அந்த மாதத்தில் உட்கார வைக்கும். நாளிதழ்கள் என்ன எழுதின, இறந்தோர் பட்டியல் எவ்வளவு நீளம், தங்கம் என்ன விலை என்று காட்டும். ‘தவிர்க்க முடியாத’, ‘விதி’ போன்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதிகமாக வந்தால் ஆசிரியர் சோம்பேறி.

அமெரிக்கா, ஸ்பெயின் எல்லாம் எங்கேயோ இருக்கு. நமக்கும் அதுக்கும் என்ன?

தெற்கின் போர்க்கப்பல் அலபாமா 1863 டிசம்பரில் சிங்கப்பூரில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு மலாக்கா நீரிணைக்குள் வந்து, அங்கேயே வணிகக் கப்பல்களைக் கொளுத்தியது. அமெரிக்கப் பருத்தி வராததால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்திக்கு ஓடிவந்தன, விலை எகிறியது. 1865இல் போர் முடிந்ததும் பம்பாயில் சந்தை படுத்துவிட்டது. தன் போரை உலகத்தோடு சேர்த்துப் பார்க்கும் நூலில் இவற்றுக்கு ஒரு பக்கமாவது இருக்கும்.

நம்ம ஊருல உள்நாட்டுப் போர் நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. சிலாங்கூர் போர், 1867 முதல் 1874 வரை. ராஜா மஹாடி கிள்ளானைப் பிடித்ததில் தொடங்கி, சுல்தானின் மருமகனான கெடா இளவரசர் தெங்கு கூடின் ஒரு பக்கமும் மஹாடி மறுபக்கமுமாக வளர்ந்தது. கோலாலம்பூரின் சீனத் தலைவர் யாப் ஆ லோய் கூடின் பக்கம். 1872இல் கோலாலம்பூர் எதிரிகளிடம் விழுந்து எரிந்தது. அடுத்த ஆண்டு பகாங் ஆட்களின் துணையோடு மீட்கப்பட்டது. ஆற்று முகத்துவாரம் யார் கையிலோ, ஈயத்துக்கான வரி அவர் கையில். இதைப் புரியாமல் எழுதினால் போர் வெறும் அரச குடும்பச் சண்டையாகத் தெரியும். வரைபடம் பற்றிச் சொன்னதை இங்கே கிள்ளான் ஆற்றில் பொருத்திப் பாருங்கள்.

பினாங்குக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது லாருட் போர்கள், 1861 முதல் 1874 வரை. கீ ஹின், ஹய் சான் என்ற சீனச் சங்கங்கள் பேராக்கின் ஈயச் சுரங்கங்களுக்காக மோதின. பணமும் ஆளும் ஜார்ஜ் டவுன் வணிகர்களிடமிருந்து போயின. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனிலேயே ஏறக்குறைய பத்து நாள் கலவரம். அதில் சீனச் சங்கங்களோடு வெள்ளைக்கொடி, செங்கொடி என்ற முஸ்லிம் சங்கங்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றன. 1874 ஜனவரி 20இன் பங்கோர் உடன்படிக்கையை ‘பிரிட்டிஷார் வந்து அமைதி ஏற்படுத்தினர்’ என்று ஒரே வரியில் முடிக்கும் நூலையும், யாருடைய கடன் யாருக்குத் திரும்பியது என்று கேட்கும் நூலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் சாய்வு இரண்டாவதன் பக்கம்.

அப்போ எமர்ஜென்சி? 1948ல நடந்தது உள்நாட்டுப் போரா இல்லையா?

முதல் பதிலில் பெயர் பற்றிச் சொன்னது முழுதாகப் பொருந்தும் இடம் இது. மலாயாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசு அவசரகாலம் என்றது; தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் காப்புறுதி இழக்கக் கூடாது என்பதற்காகவே ‘போர்’ என்ற சொல் தவிர்க்கப்பட்டது என்று பரவலாகச் சொல்வார்கள். எதிர்த்தரப்பான மலாயா கம்யூனிஸ்ட்டுகள் தேசிய விடுதலைப் போர் என்றார்கள். அந்நிய ஆட்சியை எதிர்த்த போராகவும் அது இருந்தது, மலாயா மக்களுக்குள் நடந்த போராகவும் இருந்தது. ஒன்றை மட்டும் சொல்லும் நூலில் ஏதோ குறைகிறது.

தமிழ் வாசகர் சொல்லடைவில் பார்க்க வேண்டியவை சில உண்டு. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4இல் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டத் தொழிற்சங்கம் 1948க்கு முன் எவ்வளவு வலுவாக இருந்தது, பிறகு என்ன ஆனது என்று சொல்லாத நூல் தமிழர்களை வெறும் பின்னணியாக்கிவிடுகிறது. கம்யூனிஸ்ட்டுகளுக்கு மக்களிடமிருந்து உதவி போகாமல் தடுக்க வந்த பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 1948 டிசம்பர் 12இல் பத்தாங் காலியில் 24 பேர் பிரிட்டிஷ் சிப்பாய்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவற்றோடு, கம்யூனிஸ்ட்டுகள் தோட்டத்து மக்களைக் கொன்றதும் வேண்டும். அரசுக் கணக்கில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,478.

இலங்கைப் போரைப் பத்தி ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எதைப் பாத்து வாங்கறது?

ஒரு தலைப்பைச் சொல்லிவிட்டால் சண்டைதான் வரும். சோதனைகளைச் சொல்கிறோம். 1983 ஜூலையில் தொடங்கினால் வேண்டாம். 1948இன் குடியுரிமைச் சட்டம் இருக்க வேண்டும்; நம் தோட்டத்து மக்களைப் போலவே கங்காணி முறையில் போன மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது அது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். 1956இன் சிங்களம் மட்டும் சட்டம், 1970களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தல் (தமிழ் மாணவர்கள் நுழையக் கூடுதல் மதிப்பெண் கேட்ட முறை) ஆகியவையும் வேண்டும்.

அதே நூலில் நமக்குக் கசப்பானவையும் இருக்க வேண்டும்: 1986இல் இயக்கங்களுக்குள் நடந்த கொலைகள், 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது. தெற்கில் சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி.யின் 1971, 1987–89 கிளர்ச்சிகளும் அவை நசுக்கப்பட்ட விதமும் இல்லாவிட்டால் அரசின் வன்முறை எங்கே பழகியது என்பது விளங்காது.

போரின் கடைசி மாதங்களான 2009க்கு, மேலே இறப்புக் கணக்கு பற்றிச் சொன்ன பதிலை மீண்டும் பாருங்கள். ஐ.நா.வின் நாட்டு அலுவலகம் மே 13 வரை தொகுத்தது 7,721, ஐ.நா. நிபுணர் குழு 2011இல் 40,000 வரை இருக்கலாம் என்றது. இரண்டும் வேறு முறையில், வேறு நாள் வரை எண்ணியவை. முதலாவது, சரிபார்க்க முடிந்தவற்றை மட்டும் சேர்த்தது. கடைசி நாட்களில் எண்ணுவதற்கே ஆள் இல்லை. இதை விளக்காமல் ஒரு எண்ணை மட்டும் எடுத்து வீசும் நூல் எந்தப் பக்கத்துடையதாக இருந்தாலும் நம்பிக்கைக்கு உரியதல்ல.

தமிழ்ல மொழிபெயர்ப்பு கிடைச்சா அதையே வாங்கலாமா?

வாங்கலாம், மூலத்தோடு நான்கு இடத்தை ஒப்பிட்ட பிறகு. மொழிபெயர்ப்பில் முதலில் காணாமற்போவது சொல்லடைவு, அடுத்து குறிப்புகள், அடுத்து வரைபடம். மூலம் 850 பக்கம், தமிழ் 400 பக்கம் என்றால் சுருக்கம் என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். தமிழாக்கம் இயல்பாக நீளுமே தவிரப் பாதியாகாது.

ஊர்ப் பெயர் ஓர் அத்தியாயத்தில் ஒருவிதமாகவும் அடுத்ததில் வேறுவிதமாகவும் வந்தால் இரண்டு ஊர் என்று நினைத்துவிடுவோம். இராணுவ அலகுகளில் குழப்பம் இன்னும் பெரிது. கம்பெனி, ரெஜிமென்ட், பிரிகேட், டிவிஷன், கோர் எல்லாவற்றையும் ‘படை’ என்றே எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கப் போரில் ஒரு ரெஜிமென்ட் என்றால் தலா 100 பேர் கொண்ட 10 கம்பெனி, காகிதத்தில் 1,000 பேர். 1863 வாக்கில் பலவற்றில் மிஞ்சியவர்கள் 300, 400 பேர். இதை ஒரு அட்டவணையில் போட்டிருக்கும் தமிழாக்கம் அக்கறையோடு செய்யப்பட்டது.

பழைய புத்தகக் கடையில பத்து வெள்ளிக்குக் கிடைக்குது, ஆனா பழைய பதிப்பு. பரவாயில்லையா?

எந்தப் போர் என்பதைப் பொறுத்தது. ரஷ்ய உள்நாட்டுப் போர் என்றால் 1991க்கு முன் எழுதியவருக்கு சோவியத் காப்பகங்கள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. ஸ்பெயினில் 1975க்குப் பிறகு ஆவணங்கள் மெல்லத் திறந்தன. 2000 முதல் புதைகுழிகளைத் தோண்டத் தொடங்கினார்கள். ஆகவே 1960களின் நூல் எழுத்துக்காகப் படிக்கலாம், எண்ணுக்காக அல்ல. அச்சான ஆண்டும் எழுதிய ஆண்டும் வேறு. பதிப்புரிமைப் பக்கத்தில் முதல் ஆண்டைப் பாருங்கள். ‘மறு அச்சு’ என்றால் ஒரு எழுத்தும் மாறவில்லை, ‘திருத்திய பதிப்பு’ என்றால் ஏதோ மாறியிருக்கிறது.

நம் ஊர் ஈரம் வேறு. தடித்த நூலை நடுவில் விரித்துப் பாருங்கள். பசை காய்ந்திருந்தால் முதுகு ‘டொக்’ என்று பிளந்து, ஒரு மாதத்தில் தாள்கள் உதிரும். முகர்ந்து பூஞ்சை வாசம் அடித்தால், வீட்டில் மற்ற புத்தகங்களோடு உடனே சேர்க்காதீர்கள். மடித்து வைத்த வரைபடம் இருந்த இடத்தில் கிழித்த விளிம்பு மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது போயிருந்தால் பத்து வெள்ளியும் அதிகம்.

ரெண்டு தடவை ஆரம்பிச்சு நூறாவது பக்கத்துல விட்டுட்டேன். எப்படித்தான் முடிக்கறது?

பெரும்பாலோர் விடுவது இரண்டு இடத்தில். ஒன்று, போருக்கு முந்தைய அரசியல். பெயர்கள் மழையாகக் கொட்டும். இன்னொன்று நடுவில், இரு படையும் முன்னும் பின்னும் நகர்ந்து ஒன்றும் தீராத ஆண்டு. முதல் சிக்கலுக்கு ஒரு வெள்ளைத் தாளை இரண்டாக மடித்து, இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று 20 பெயருக்குள் எழுதிப் புத்தகத்திலேயே வையுங்கள். கட்சி மாறுபவருக்கு அம்புக்குறி போடுங்கள். இரண்டாவதுக்கு, சண்டை விவரத்தை வேகமாகத் தாண்டி அத்தியாயத்தின் கடைசி இரண்டு பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். விளைவு அங்கேதான் இருக்கும். யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை.

நாளுக்கு 25 பக்கம் என்றால் 900 பக்கம் 36 நாள். வாரக் கடைசியில் மொத்தமாக 150 பக்கம் என்று திட்டம் போட்டவர்கள் திருமண வீடு, தீபாவளி என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு பக்கக்குறி வையுங்கள், படிக்கும் இடத்துக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று.

ஒரு புக்குல போர் முடிஞ்ச தேதி ஒண்ணு, இன்னொரு புக்குல வேற. யாரு தப்பு?

ஒருவேளை யாருமே தப்பில்லை. அமெரிக்கப் போருக்கு, தெற்கின் தளபதி லீ சரணடைந்த 1865 ஏப்ரல் 9 எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெற்கின் இன்னொரு தளபதி ஜான்ஸ்டனின் படை ஏப்ரல் 26இல்தான் சரணடைந்தது. ஷெனண்டோவா என்ற தெற்கின் கப்பல் நவம்பர் 6இல் லிவர்பூலில் கொடியை இறக்கியது. போர் முடிந்தது என்று அதிபர் அறிவித்தது 1866 ஆகஸ்ட் 20இல். ஸ்பெயினில் 1939 ஏப்ரல் 1இல் பிராங்கோ வெற்றி அறிவித்தார், இராணுவச் சட்டமோ 1948 வரை நீடித்தது, அதற்கிடையில் ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொன்றார்கள். மலாயாவில் அவசரகாலம் 1960 ஜூலை 31இல் நீக்கப்பட்டது; கம்யூனிஸ்ட்டுகள் ஆயுதம் வைக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டது தாய்லாந்தின் ஹட்யாயில், 1989 டிசம்பர் 2இல்.

ஆசிரியர் எந்தத் தேதியில் நிறுத்துகிறார் என்பது, போர் எதைப் பற்றியது என்று அவர் நினைக்கிறார் என்பதைக் காட்டிவிடும். அடிமை முறைதான் காரணம் என்று முன்பாதியில் வாதாடிவிட்டு, விடுதலையானவர்களுக்கு அடுத்த பத்தாண்டில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம்கூட எழுதாமல் ஏப்ரல் 9இலேயே நூலை மூடுகிறவர், தாம் சொன்ன காரணத்தைத் தாமே நம்பவில்லை.